குடை என்ற சொல்லின் நிறம்

எபேனில் பகல் முழுக்க
யாரோ பிரெஞ்சுக்காரர்களின் காப்பீட்டுப் படிவங்கள்.
இரவு பத்துக்கு மேல், காத்ர் போர்னில்,
குளிர்பெட்டி உறுமும் சமையலறையில்,
சொல்லைத் தொட்டால் கதவு திறக்கிற
ஒரு கதையைத் திரையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

கதை சின்னது.
க்யூர்பீப் பேருந்து நிலையம். மழை;
அங்கே மழையில்லாத நாளை யார் கண்டது.
வேலினி என்றொருத்தி
அக்காவின் சங்கிலியை விற்றுவிட்டு
அக்கா வரும் பேருந்துக்காக நிற்கிறாள்.
என்ன சொல்லப் போகிறாள் என்பது
படிக்கிறவர் விரலில்.

கதைக்கு ஒரு வாரம். நிறங்களுக்கு மூன்று.
உண்மைக்குப் போகும் சொல் சிவப்பு,
சொல்கிறவளுக்கு முகம் சிவக்கும் என்பதால்.
குங்குமச் சிவப்பு வேண்டாம், கோயில் வந்துவிடும்.
மிளகாய்ச் சிவப்பு வேண்டாம், பசி வந்துவிடும்.
ஈரத் தார்ச்சாலையில் முன்வண்டியின்
பிரேக் விளக்கு சிந்துமே, அது.
பொய்க்குப் போகும் சொல்லுக்கு
யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை:
தமிழில் பொய் பச்சையாகத்தானே பிறக்கிறது.
மற்ற கதவுகள் நீலம்.
தொட்டுத் திரும்பியவை கத்தரிப்பூ நிறம்,
ஒரே சேற்றில் இரண்டாம் முறை
யாரும் கால் வைக்காதிருக்க.

முதல் வாசகர் சிதம்பரோம் வலைதோன்.
பக்கத்து மேசை. மதியம் தால்பூரியில்
பாதியைப் பிய்த்து நீட்டுகிறவர்.
பள்ளிக்கூடத்துத் தமிழை
இன்னும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்.
திங்கட்கிழமை கிரியோலில் சொன்னார்:
"குடையைத் தொட்டேன்."
ஏன் குடை?
பக்கத்திலேயே சங்கிலி சிவப்பாய் எரிகிறதே?
"எரிகிறதா?
எனக்கு இரண்டும் நனைந்த சாக்கு நிறம்.
மழை பெய்கிறது.
மழையில் மனுஷன் குடையைத்தானே எடுப்பான்?"

பிறவியிலேயே அப்படியாம்.
ரெத்வி சந்திப்பில்
மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார்.
ஷமரேலில் ஏழு நிற மண்ணைக் காசு கொடுத்துப் பார்த்து
மூன்று வரை எண்ணிவிட்டு வந்தவர்.
மீதி நாலுக்குப் பணம் பாக்கி என்று சிரித்தார்.

சிரித்து முடித்து, குரலைத் தாழ்த்தி:
"ஆனால் அவள் அதே நிறுத்தத்துக்குத்
திரும்பத் திரும்ப வருகிறாளே,
பதினோரு தடவை,
அதே மழை, அதே வேர்க்கடலைக்காரன்.
நகர முடியாத ஒருத்தியை
இப்படி எழுதலாம் என்று எப்படித் தோன்றியது?"

தோன்றவே இல்லை.
நீலமும் கத்தரிப்பூவும் அவருக்கு ஒன்று.
போன வழி என்று தெரியாமல்
போன வழியே போயிருக்கிறார்.
என் அடையாளங்கள் உதிர்ந்த இடத்தில்
வேலினி பதினோரு முறை நனைந்திருக்கிறாள்,
நான் இல்லாமல், என்னைவிட நன்றாக.
"ரொம்ப நாள் யோசித்தேன்" என்றேன்.
பச்சை.

அன்றிரவு எல்லா நிறங்களையும் அணைத்தேன்.
வெள்ளையில் கறுப்பு.
கதவுகள் அப்படியே இருந்தன;
எங்கே என்று சொல்வதை மட்டும் சுவர் நிறுத்திக்கொண்டது.

ஞாயிறு வாக்வாவிலிருந்து அக்கா வந்தாள்.
கணினியை மடியில் வாங்கிக்கொண்டாள்.
எதை அமுக்கணும்?
எதை வேண்டுமானாலும்.
அரிசியில் கல் பார்க்கிறவள் போல
சொல் சொல்லாய்த் தள்ளிக்கொண்டு போனாள்.
மழை. ஒன்றுமில்லை.
பேருந்து. ஒன்றுமில்லை.
கழுத்தில் இப்போது வேறொரு சங்கிலி, மெலிசு;
குனியும்போதெல்லாம் திரையில் இடித்தது.
விரல் குடையைத் தாண்டியது.
குளிர்பெட்டி உறுமலை நிறுத்தியது.
அடுத்த சொல்லின் மேல் நின்று,
அமுக்காமல்,
"இது மட்டும் கொஞ்சம் சிவப்பாத் தெரியுதே" என்றாள்,
திரையைப் பார்க்காமல்.